ஜெய்சல்மேரில் முதல் மணல் ஓட்டம்: வேலூர்ப் பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜவ்வாது மலைத் தடங்களையும் பார்த்துவிட்ட ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிக்காரர்கள் அடுத்து விசாரிப்பது ராஜஸ்தானின் ஜெய்சல்மேரைத்தான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், திருப்பத்தூர் என்று எங்கிருந்து பேசினாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

அங்க அப்படி இன்னா இருக்குது? வெறும் மணல்தானே?

வெறும் மணல் இல்லை. ஜெய்சல்மேரைச் சுற்றிப் பெரும்பகுதி கல் தரையும் முட்புதரும்தான். மணல்மேடுகள் இடையிடையே திட்டுத்திட்டாக வரும். நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் சாம் மேடுகள், தென்மேற்கே குரி மேடுகள். சாம் போகும் வழியில் சற்றே விலகினால் ஆட்கள் விட்டுப்போன குல்தரா கிராமம், அதைத் தாண்டி காபா கோட்டை. எதிர்த் திசையில், பார்மேர் சாலையில் 17 கி.மீ. போனால் ஆகல் கல்மரப் பூங்கா.

புதியவர்களுக்கு இது ஏற்ற இடம் என்பதற்குக் காரணம் மேடுகள் சின்னவை என்பதல்ல. எல்லாமே தார்ச்சாலையை ஒட்டி இருக்கின்றன. மணலில் எவ்வளவு தூரம் இறங்குவது என்பது உங்கள் கையில். 500 மீட்டர் இறங்கிப் பார்த்து, பயமாக இருந்தால் திரும்பிவிடலாம். மாட்டிக்கொண்டாலும் நடந்து சாலைக்கு வந்துவிடலாம்.

வண்டி ஓட்டி இருபது வருஷ அனுபவம் இருக்குது. மணல்ல மட்டும் ஓட்டினதில்ல. நேரா போலாமா?

போகலாம். ஆனால் அந்த இருபது வருஷத்துப் பழக்கத்தில் பாதியை மணல் ஓரத்திலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும். சக்கரம் சுற்றினால் இன்னும் மிதிப்பது, இறக்கத்தில் பிரேக்கை அழுத்துவது, வண்டி சாய்ந்தால் மேட்டுப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடிப்பது, இந்த மூன்றும் மணலில் நேர் எதிராக வேலை செய்யும்.

மூன்று நிபந்தனைகள் உண்டு. தனி வண்டியாகப் போகக்கூடாது, குறைந்தது இரண்டு வண்டி வேண்டும். அந்த ஊர் ஓட்டுநர் ஒருவர் முன் வண்டியிலோ உங்கள் பக்கத்து இருக்கையிலோ இருக்க வேண்டும். முதல் நாள் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது.

இன்னா வண்டி இருந்தா போவ முடியும்? என்னுது மஹிந்திரா தார் தான், ஆனா ரியர் வீல் டிரைவ்.

ஃபோர் பை ஃபோர், அதிலும் லோ ரேஞ்ச் கியர் (வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) உள்ள வண்டி வேண்டும். ஜிம்னி, தார் ஃபோர் பை ஃபோர், கூர்க்கா, ஸ்கார்பியோ-என் ஃபோர் பை ஃபோர், ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர், வி-கிராஸ் எல்லாம் சரி. தார் 2023 முதல் ரியர் வீல் டிரைவிலும் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகை) வருகிறது. தோற்றம் அதேதான், மணலில் குணம் வேறு. அதை ஓட்டிக்கொண்டு போய்ச் சாலையோரம் நிறுத்திவிட்டு, மணலுக்கு உள்ளூர் வண்டி எடுப்பது நல்லது. பொலேரோவுக்கும் இதுவே. முன்சக்கர இழுவை எஸ்.யூ.வி.க்களை ஓரத்து மணலில்கூட இறக்க வேண்டாம்.

பெரிய வண்டிதான் வேண்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. மணலில் எடைதான் எதிரி. சுமார் 1,200 கிலோ எடையுள்ள ஜிம்னி, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையுள்ள வண்டி புதையும் இடத்தில் மிதந்து போகும். கூரைமேல் கேரியர் போட்டுக் கூடாரம், கேன், பெட்டி என்று ஏற்றுவதை முதலில் நிறுத்துங்கள். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் பக்கச் சரிவில் வண்டியைப் புரட்டப் பார்க்கும்.

வேலூர்ல இருந்தே ஓட்டிக்கினு போறதா, அங்க போய் வாடகைக்கு எடுக்கறதா?

பெங்களூரு, புனே, அகமதாபாத், பார்மேர் வழியாகச் சுமார் 2,200 கி.மீ. நிதானமாகப் போனால் நான்கு பகல். போக எட்டு நாள், வர எட்டு நாள் விடுப்பு வேண்டும் என்பார்கள். அதில்லை, போக நான்கு, வர நான்கு, அங்கே இரண்டு. பத்து நாள் இருந்தால் சொந்த வண்டி. இல்லாவிட்டால் ரயிலிலோ விமானத்திலோ போய் அங்கே வண்டி எடுங்கள்.

வாடகை வண்டியில் கவனிக்க வேண்டியது பெயர்ப்பலகை. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தந்தால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். மணலில் இறக்கலாமா என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கூடாது என்றுதான் இருக்கும். அப்படியானால் ஓட்டுநரோடு வரும் உள்ளூர் ஜீப்தான் வழி.

எந்த மாசம் போவலாம்? நாங்க வேலூர் வெயிலையே பாத்தவங்க.

அந்தத் தைரியத்தில் மே மாதம் கிளம்பி வருகிறவர்கள் உண்டு. வெயிலை நாம் தாங்கிவிடுவோம் என்றே வைத்துக்கொள்ளலாம், மணல் தாங்காது. சூட்டில் காய்ந்த மணல் துளியும் ஒட்டாமல் தளர்ந்து கிடக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் முழு சூட்டில் உழைக்கும். புழுதிக்காற்று வேறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம்.

எதிர்பாராமல் அடிப்பது குளிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். நம் வீட்டில் இருக்கும் மெல்லிய ஸ்வெட்டர் போதாது. இன்னொன்று, ஜெய்சல்மேர் நமக்கு வெகு மேற்கே இருப்பதால் டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் 7 மணி தாண்டித்தான் உதிக்கும். ஆறு மணிக்கு வண்டி எடுக்கலாம் என்று திட்டம் போட்டால் இருட்டில்தான் நிற்பீர்கள்.

டயர்ல காத்து இறக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எவ்ளோ இறக்கணும், ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மணலில் மாட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை காற்று இறக்காததால் மாட்டுகின்றன.

சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்கும் டயர் மணலில் கத்தி மாதிரி இறங்கும். காற்றைப் பாதியாக்கினால் டயர் தரையில் பதியும் தடம் முன்னும் பின்னும் நீளும். அகலம் அவ்வளவாக மாறாது, நீளம்தான் கூடும். அதே எடை பெரிய பரப்பில் பரவுவதால் வண்டி மணலைக் குழி பறிக்காமல் மேலே தவழ்ந்து போகும். வெறுங்காலோடு நடப்பவருக்கும் குதிகால் செருப்பு போட்டவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

தொடக்கத்தில் 18 பி.எஸ்.ஐ. வையுங்கள். எஞ்சின் முனகினால், சக்கரம் தோண்டினால் 15-க்கு இறக்குங்கள். ஜிம்னி போன்ற லேசான வண்டிக்கு 14, 15 தாராளமாகப் போதும். 12-க்குக் கீழே ஆபத்துக் காலத்தில் மட்டும். அந்த அளவில் சடாரென்று திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று, காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். ட்யூப்லெஸ் டயரை மணலில் வைத்து மறுபடி ரிம்மில் உட்கார வைப்பது லேசான வேலை இல்லை. காற்று குறைந்த டயரோடு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம், வளைவுகளை அகலமாக எடுங்கள்.

வால்வு ஊசியைக் குச்சியால் அழுத்தி, கண்ணளவில் பார்த்து இறக்காதீர்கள். நல்ல பிரஷர் கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும். நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். காற்று இறக்குவது மணல் தொடங்குவதற்கு முன்னால், கெட்டித் தரையில். "முதல்ல போய்ப் பாக்கலாம், மாட்டினா இறக்கலாம்" என்பவர் புதைந்த டயரின் வால்வைத் தேடிக் கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

இறக்கிட்டா திரும்ப எப்படி அடிக்கறது? பஞ்சர் கடை இருக்குமா?

மேடுகளுக்குப் பக்கத்தில் கடையை நம்ப முடியாது. கம்ப்ரஸர் கொண்டுபோக வேண்டும். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன வகை வேலை செய்யும், ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடாகிவிடும், இடையில் ஆறவிட வேண்டும். நான்கு டயருக்கும் 15-லிருந்து 32 வரை ஏற்ற முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரியில் கிளிப் மாட்டும் வகை சீக்கிரம் முடிக்கும். லைட்டர் ஃப்யூஸ் போவதும் இருக்காது. எதுவானாலும் எஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள், இல்லையேல் பேட்டரி இறங்கிவிடும். காற்று ஏற்றாமலே தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும்.

ஃபோர் ஹையா, ஃபோர் லோவா?

இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும்; ஹையில் சாதாரண கியர், லோவில் லோ ரேஞ்ச் கியர். சமதள மணலுக்கு ஃபோர் ஹை, மேடு ஏறி இறங்க ஃபோர் லோ. லோவில் போட்டு முதல் கியரில் நகர்த்தினால் சக்கரத்துக்கு இழுவை மிதமிஞ்சிப் போய்த் தோண்ட ஆரம்பிக்கும். லோவில் இரண்டாவது, மூன்றாவது கியர்தான் மேட்டுக்குப் பொருத்தம். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் முறையில் வைத்துக் கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடு ஏற்றத்தில் அது மேல் கியருக்குத் தாவி மூச்சு வாங்கும்.

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.பி. பொத்தானை அணைக்க மறக்காதீர்கள். சக்கரம் கொஞ்சம் வழுக்கியதும் அது எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். மணலில் அந்தக் கொஞ்ச வழுக்கல் தேவை. சாலைக்கு வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள், கூடவே ஃபோர் ஹையிலிருந்தும் வெளியே வாருங்கள். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவையைப் போடும் பகுதிநேர ஃபோர் பை ஃபோர் வண்டியைத் தார்ச்சாலையில் ஃபோர் ஹையில் ஓட்டினால் வளைவில் முன் பின் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பற்சக்கரங்கள் பழுதாகும்.

மேட்டு உச்சிக்கு வந்ததும் எதிர்ல ஒண்ணுமே தெரியாதே, அப்ப இன்னா பண்றது?

முதலில் மேட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். காற்று வீசும் பக்கம் சரிவு நீளமாக, மெதுவாக ஏறும். மணல் அங்கே இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் கொட்டி நிற்கும் சறுக்கு முகம், 30 பாகைக்கு மேல் செங்குத்து, பஞ்சு மாதிரி மென்மை. ஜெய்சல்மேரில் பலமான கோடைக் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் ஏறுமுகம் பெரும்பாலும் தென்மேற்கு, சறுக்குமுகம் வடகிழக்கு. இதை நினைவில் வைத்தாலே எந்தப் பக்கம் ஏறுவது என்ற குழப்பம் பாதி தீரும்.

நடந்து ஏறி மறுபக்கம் பார்த்துவிட்டு வந்து ஓட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கைதேர்ந்தவர்களும் செய்வதுதான். பிறகு நேராக, குறுக்கே சாயாமல், கீழேயே வேகம் சேர்த்துக்கொண்டு ஏறுங்கள். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது காலை எடுத்துவிடுங்கள். மிச்ச வேகமே மேலே கொண்டுபோய்விடும். மிதித்துக்கொண்டே போனால் வண்டி பறந்து மூக்கு குத்தும். சீக்கிரமே காலை எடுத்தால் வண்டியின் வயிறு உச்சியில் உட்கார்ந்து நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும். இரண்டில் பின்னது மேல், மண்வெட்டியோடு முடிந்துவிடும்.

ஏற்றம் பாதியில் நின்றுபோனால் திருப்ப முயலாதீர்கள். அங்குதான் வண்டி புரளும். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்வாங்குங்கள். இறக்கத்திலும் நேர்கோடுதான். லோவில் முதல் கியர், கால் பிரேக்கின் மேல் வேண்டாம். பின்பக்கம் ஒருபுறம் சறுக்கத் தொடங்கினால் சரிவின் கீழ்ப்பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்பி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நேராகிவிடும். மனசு ஒப்பாது, ஆனாலும் அதுதான் வழி.

சாமில் ஒட்டகங்களும் சவாரி ஜீப்புகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறி வரும். உயரமான குச்சியில் கொடி கட்டிக்கொண்டால் நீங்கள் உச்சிக்கு வருமுன்னே கொடி தெரியும்.

சரி, மாட்டியாச்சு. அப்புறம்?

முதல் வேலை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. வண்டி முன்னே போகவில்லை என்று உணர்ந்த இரண்டு நொடிக்குள் நிறுத்தினால் ஐந்து நிமிட வேலை. அரை நிமிடம் மிதித்தால் ஒரு மணி நேர வேலை. வயிறு மணலில் படிந்த பிறகு சக்கரத்துக்குத் தரையில் பிடியே இருக்காது.

இறங்கிப் பாருங்கள். வயிறு தொடாமல் இருந்தால், வந்த தடத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். அந்த மணல் ஏற்கெனவே அழுந்தி இறுகியிருக்கும். வரவில்லையா, காற்றை இன்னும் மூன்று பி.எஸ்.ஐ. இறக்குங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலைச் சாய்வாக அள்ளுங்கள், செங்குத்துப் படி மாதிரி வெட்டாதீர்கள். வயிற்றுக்கு அடியிலும் அள்ள வேண்டும், எல்லோரும் சோம்பல்படும் இடம் அதுதான். பிறகு மணல் பலகையை (டயருக்குப் பிடி தரும் பற்கள் உள்ள பிளாஸ்டிக் பலகை) டயருக்கு நெருக்கமாகச் சொருகி, மெதுவாக ஏற்றுங்கள். சக்கரம் பலகைமேல் சுற்றினால் பிளாஸ்டிக் பற்கள் உருகி வழிந்துவிடும், பலகை பின்னால் பறக்கும். பின்னே யாரும் நிற்கக்கூடாது.

கார் ஜாக்கை அப்படியே வைத்தால் மணலுக்குள் இறங்கிவிடும். ஓர் அடிக்கு ஓர் அடி பிளைவுட் துண்டு ஒன்று அடியில் வைக்கக் கொண்டுபோங்கள்.

இன்னொரு வண்டிதான் இருக்குதே, கயிறு கட்டி இழுத்துட்டா முடிஞ்சுதே?

முடியும். சில சமயம் ஆளே முடிந்துவிடுவார், அதனால்தான் கயிற்றைக் கடைசியாகச் சொல்கிறோம். மணலுக்கு ஏற்றது ரப்பர் போல நீளும் கைனெடிக் கயிறு. இழுவிசையைத் தேக்கிவைத்துச் சீராகக் கொடுக்கும். லாரி ஷெட்டில் கிடைக்கும் கம்பி வடமோ நைந்த நைலான் கயிறோ வேண்டாம். கட்ட வேண்டிய இடம் சேஸிஸோடு இணைந்த கொக்கி மட்டும். பம்பரிலோ, டிரெய்லர் மாட்டும் உருண்டையிலோ, பம்பரில் திருகி மாட்டும் சின்ன வளையத்திலோ கட்டி வெடுக்கென்று இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி வரும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. செல்போனில் படம் எடுப்பவரும்தான்.

போறதுக்கு முன்ன பாலாத்துல பழகிட்டுப் போலாமா? நம்ம ஊர்ல மணலுக்கா பஞ்சம்?

பஞ்சம் வந்து வெகுகாலம் ஆகிறது. மணல் கடத்தலுக்காகக் கண்காணிக்கப்படும் ஆற்றுக்குள் ஜீப்பை இறக்கிவிட்டு, மண்வெட்டியும் கையுமாக நின்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம். ஆற்று மணல் கனமான பருமணல், பாலை மணல் நுண்மணல். பழக்கமும் முழுதாகப் பொருந்தாது.

ஊரிலேயே பழக வேண்டியவை வேறு. அறுவடை முடிந்த தெரிந்தவர் நிலத்தில் லோ கியர் மாற்றிப் பாருங்கள், சில வண்டிகளில் அது சண்டித்தனம் பண்ணும். வீட்டு வாசலில் நான்கு டயரையும் 16-க்கு இறக்கி, உங்கள் கம்ப்ரஸரால் ஏற்றி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஸ்டெப்னியை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். துரு ஏறிய நட்டு காட்பாடியில் தெரிவது நல்லது, காபாவில் அல்ல.

கல்மரம் பாக்கணும்னா திருவக்கரை போனா போதுமே? ஆகல்ல புதுசா இன்னா?

நியாயமான கேள்வி. ஆரணி, செஞ்சி வழியாகப் போய் திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். பார்த்துவிட்டு ஆகலுக்குப் போங்கள், ருசி கூடும். திருவக்கரை மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டு பழையவை. ஆகல் மரங்கள் சுமார் 18 கோடி ஆண்டு, ஜுராசிக் காலம். பூமியில் பூக்கும் மரங்களே தோன்றாத காலத்துக் காடு அது. இன்று மழையே அரிதான அந்த இடத்தில் அன்று வெதுவெதுப்பான ஈரக் காடு நின்றிருக்கிறது. சாய்ந்த மரங்களை வண்டல் மூட, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்துளைகளில் படிந்து, மரம் மட்கு முன்னே கல்லாக மாறியது.

21 ஹெக்டேர் பரப்பு, தேசிய புவியியல் நினைவிடம். சுமார் 25 கல்மரங்கள் வெளியே தெரிகின்றன, மிகப் பெரியது 13 மீட்டர் நீளம். இரும்புக் கூண்டும் தகரக் கூரையும் போட்டுக் காக்கிறார்கள். கூண்டைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றம். குனிந்து பாருங்கள், பட்டையும் கணுவும் தச்சன் பட்டறை மரத்தில் தெரிவதுபோலத் தெரியும். வெயில் சாய்ந்த பிறகு போனால் கோடுகள் இன்னும் துலங்கும்.

கீழ கெடக்கற ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கினா யாருக்கு இன்னா நஷ்டம்?

எடுக்கக்கூடாது. வருகிற ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்தால் கூண்டுக்குள் இருப்பது மட்டும்தான் மிஞ்சும். ஆசை தீராவிட்டால் ஜெய்சல்மேர்க் கடைகளில் ஹாபூர் கல்லில் செய்த கிண்ணம் கிடைக்கும். கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணாம்புக் கல் அது. அதில் பால் ஊற்றி வைத்தால் உறை இல்லாமலே தயிராகும் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். தயிருக்கு உத்தரவாதம் தர மாட்டோம், புதைபடிவம் நிச்சயம்.

குல்தராவுல பேய் இருக்குதாமே? ராத்திரி தங்க முடியுமா?

இரவில் வாயில் மூடிவிடுவார்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாலிவால் பிராமணர்கள் 13-ம் நூற்றாண்டு வாக்கில் குடியேறி, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர் அது. ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங்குக்கு அஞ்சி ஒரே இரவில் ஊரோடு கிளம்பினார்கள், சாபம் விட்டார்கள் என்பது கதை. கிணறுகளும் காக்னி ஆறும் வற்றியது, வரிச்சுமை ஆகியவற்றை ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். 1981 வரை மூலவர் இல்லாமல் நின்ற கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பற்றி ஊர் என்னென்ன கதை கட்டியது என்று தெரிந்த வேலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை.

பேயை விட்டுவிட்டுத் தெருக்களைப் பாருங்கள். நேர்கோட்டில் ஓடும் தெரு, வரிசை வீடுகள், கூரை போன சுவர்கள். சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், கற்கள் தளர்ந்திருக்கின்றன. பிறகு காபா கோட்டை மேலேறினால், இதே மக்கள் விட்டுப்போன இன்னொரு ஊர் முழுவதும் காலடியில் வரைபடம்போல விரியும். குல்தராவைவிடக் கூட்டம் குறைவு. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எங்கள் ஓட்டு காபாவுக்கு.

மணலே இல்லாத எடத்துல ஒருத்தர் வண்டி சேத்துல மாட்டிச்சாம். பாலைவனத்துல ஏது சேறு?

அது கடீனாக இருக்கும். பாலிவால்கள் அமைத்த நீர் ஏற்பாடு. கல் தரையில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வில் நீளக் கரை கட்டித் தேக்கி, நீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். நம் ஏரியும், ஏரி வற்றிய பின் உள்வாயில் செய்யும் சாகுபடியும் ஒன்றாகச் சேர்ந்தது மாதிரி. மேலே காய்ந்து வெடித்துக் கெட்டியாகத் தெரியும், ஓரடிக்குக் கீழே களி. காற்று இறக்கிய டயர் இங்கே உதவாது, மணல் பலகையும் வழுக்கும்.

மேடு ஏறத் தெரிந்தவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தட்டையான, வெளிறிய, புதரில்லாத தரையைப் பார்த்தால் அது விளைநிலம் என்று எடுத்துக்கொண்டு சுற்றிப் போங்கள். கரைமேலும் ஓட்டக்கூடாது. அதேபோல் ஓரண் என்று ஊர்க்காரர்கள் தெய்வத்துக்கு விட்டுவைத்த மேய்ச்சல் காடுகள் உண்டு. அங்கே கிளை ஒடித்தாலே சண்டை வரும், வண்டித் தடம் போட்டால் கேட்க வேண்டாம்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்க முடியுமா?

முடியும், வரிசை சரியாக இருந்தால். எல்லாரும் மாலையில் மணலுக்கு வருவார்கள், நீங்கள் காலையில் போங்கள். முந்தைய இரவு சாம் பக்கம் தங்கி, விடிந்ததும் இறங்குங்கள். இரவுக் குளிரில் மணல் இறுகியிருக்கும், சாய்ந்த வெயிலில் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகி, குழி இருப்பது விழுந்த பிறகுதான் தெரியும். பத்து மணிக்குக் காற்று ஏற்றிக்கொண்டு காபா, குல்தரா, நகரத்தில் சாப்பாடு, நான்கு மணிக்கு ஆகல். மொத்தம் 150 கி.மீ.க்குள் அடங்கும்.

தண்ணீர் ஆளுக்கு 5 லிட்டர். மணலில் எரிபொருள் சாலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாகும், பாதி டாங்கிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிடுங்கள்.

பார்டர் வரைக்கும் போவலாமா? வி.ஐ.டி.ல படிக்கற வெளிநாட்டு நண்பர் ஒருத்தரும் வர்றாரு.

மேலே சொன்ன இடங்களுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. எல்லையை ஒட்டிய பகுதிக்கு எல்லைக் காவல் படையின் அனுமதி தேவை. கூகுள் வரைபடம் காட்டும் மண்தடத்தை நம்பி மேற்கே போகாதீர்கள். வெளிநாட்டவருக்கு பிகானேர்–ஜெய்சல்மேர்–பார்மேர் நெடுஞ்சாலைக்கு மேற்கே கட்டுப்பாடுகள் உண்டு, ஜெய்சல்மேர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சாட்டிலைட் போனும், சாட்டிலைட் வழிச் செய்தி அனுப்பும் கருவிகளும் இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். வெளிநாட்டு நண்பர் பையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே எல்லையும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. இன்னொரு வேலி பாலைவன தேசியப் பூங்கா. 3,000 சதுர கி.மீ.க்கு மேல் பரந்தது, கானமயில் மிஞ்சியிருக்கும் கடைசி இடங்களில் ஒன்று. தரையில் முட்டையிடும் பறவை அது, ஆண்டுக்கு ஒரு முட்டைதான் வழக்கம். பூங்கா எல்லைக்குள் தடம் விட்டு இறங்கக்கூடாது. சாம் பக்கத்தில் பூங்காவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. உள்ளூர் ஓட்டுநர் வேண்டும் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு இந்தி சுத்தமா வராது.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசும் உருது அங்கே நன்றாகவே எடுபடும்.

திரும்பி வந்தப்புறம் வண்டியில இன்னா பாக்கணும்?

ஊர் திரும்பிய பிறகு அல்ல, 2,200 கி.மீ. கிளம்பும் முன் ஜெய்சல்மேரிலேயே பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், நுண்மணல் ஒரு கைப்பிடி கொட்டும். ரேடியேட்டர் இடுக்கில் புல்லும் மணலும் அடைத்திருக்கும், எஞ்சின் ஆறிய பின் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ரிம்மின் உட்பக்கம் ஒட்டிய மணலைக் கழுவாவிட்டால் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மென்ட் போய்விட்டது என்று பயந்து கடை தேடுவார்கள், பெரும்பாலும் மணல்தான். பிரேக்கில் கரகரவென்று சத்தம் ஓரிரு நாள் இருக்கும். அதற்கு மேலும் நீடித்தால் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் இடையில் சிறுகல் சிக்கியிருக்கும்.

மணல்ல புரண்டா இன்ஷூரன்ஸ் குடுப்பாங்களா?

பாலிசியைப் பொறுத்தது, சிக்கலும் அங்கேதான். சாதாரண சொந்தச் சேத பாலிசியில் போட்டி, வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பணம் வராது. சுற்றுலாவாகப் போனதைப் போட்டி என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் சாலை அல்லாத இடத்தில் நடந்த விபத்துக்குக் கேள்விகள் அதிகம் வரும். கிளம்புமுன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் வரும் சார்" என்பது கணக்கில் வராது. விபத்து நடந்தால் வண்டியை நிமிர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, உடனே தகவல் கொடுத்துவிடுங்கள்.